ஏழரை மணி ஜெபமாலை

அந்தக் கடிதம் நான் எழுதியதுதான், மேடம். கையெழுத்தும் என்னுடையதுதான். வேறு யாரோ எழுதி, விவரம் தெரியாத பொம்பளையிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டு, நாலாவது தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் நானே எழுதி, நானே தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்தர் பண்ணினேன். இப்போது அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறேன். அவ்வளவுதான். அதற்காகத்தான் காலையில் தூத்துக்குடியில் முதல் பஸ் ஏறினேன்.

பிரின்சிபால் பதினொரு மணிக்குத்தான் வருவாரா? சரி. அதுவரைக்கும் நான் இந்த நாற்காலியிலேயே இருக்கிறேன். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். நான் சொல்வது காதில் விழுந்தால் போதும். ஆனால் பன்னிரண்டரைக்குள் முடிய வேண்டும் என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பன்னிரண்டரை என்றால் அங்கே ஸ்பெயினில் காலை ஒன்பது. அவர்கள் ஆபீஸ் திறக்கிற நேரம். திறந்ததும் என் மகள் பெயரை எடுத்துவிடுவார்கள். பார்த்தீர்களா, எனக்கு இப்போது கணக்குத் தெரிகிறது. மூன்றரை மணி நேரம் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் நான் ஏன் இங்கே வந்து உட்காரப் போகிறேன்.

ஜெனோவா. மரிய ஜெனோவா. பி.பி.ஏ. கடைசி வருஷம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஸ்பானிஷ் பாடத்தில் அவள்தான் முதல் மார்க். கடைசி செமஸ்டரை ஸ்பெயினில் போய்ப் படிக்கலாம், அந்த மார்க்கும் சேர்ந்துதான் டிகிரி என்று நீங்கள்தானே கூட்டம் போட்டுச் சொன்னீர்கள். பின்வரிசையில் பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தது நான்தான். என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் இறந்து நாலு வருஷம் ஆகிறது. மகன் கிளாட்வின் கப்பலில் இருக்கிறான். அதனால் பெற்றோர் என்று போட்ட இடத்தில் எல்லாம் நான் ஒருத்திதான் கையெழுத்துப் போட்டேன்.

பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புகிறாயே என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. நான் ஒரே பதில்தான் சொன்னேன். எங்கள் கடற்கரைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்த சவேரியார் பிறந்த நாடு அது. அவர் அங்கேயிருந்து எங்களுக்காக வந்தார், எங்கள் பிள்ளை ஒன்று அங்கே போனால் என்ன என்று கேட்டேன். நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை, மேடம். சந்தேகப்படுகிறவள் என்றால் அனுப்பியிருப்பேனா?

ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். ஏழரை மணி ஜெபம்.

அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வேறு மதமாக இருந்தாலும் நேர்ச்சை என்றால் என்னவென்று தெரியும். அவளுக்கு ஒன்பது வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் கண் திறக்கவில்லை. டாக்டரம்மா என் தோளில் கையை வைத்தார்கள். அவர்கள் எல்லாரிடமும் அப்படிக் கை வைக்கிறவர்கள் இல்லை, அதனாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் நானும் அவரும் கட்டில் பக்கத்தில் முழந்தாள் போட்டு ஜெபமாலை சொன்னோம். நான் பனிமய மாதாவிடம் சொன்னேன்: தாயே, இந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடு, எனக்கு உயிர் இருக்கிற வரைக்கும் இதே நேரத்தில் இந்தப் பிள்ளை குரலும் சேர்ந்து உனக்கு ஜெபமாலை வரும். நாலாவது காரணிக்கம், அதாவது நாலாவது பத்து ஜெபம், சொல்லும்போது அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். சுவரில் ஏழரை மணி.

அதிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஒரு நாள் விட்டதில்லை. பரீட்சை நாளிலும் விட்டதில்லை. அவள் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கும் ஏழரைக்கு உட்கார்ந்தோம். இங்கே உங்கள் ஹாஸ்டலில் இருந்த இரண்டரை வருஷமும் போனில் சொன்னாள். வார்டனம்மாகூட ஏழரைக்கு அவளை யாரும் கூப்பிடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். நல்ல மனுஷி.

ஜெபமாலை ஒருத்தர் சொல்கிறது இல்லை, மேடம். அருள் நிறைந்த மரியே என்று முன்பாதியை ஒருத்தர் சொல்ல வேண்டும். பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். அப்படி ஐம்பது. முன்பு நாலு பேர் இருந்தோம். அவர் போனார். மகன் கடலுக்குப் போனான். கடைசியில் முன்பாதி நான், பின்பாதி அவள். அவள் இல்லை என்றால் என் ஜெபம் பாதி வாக்கியத்தில் நிற்கும்.

ஒருத்தரே இரண்டையும் சொல்லலாமே என்று கேட்பீர்கள். பங்குச்சாமியாரைக் கேட்டிருந்தால் அவரும் தாராளமாகச் சொல்லலாம் என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் நான் அவரைக் கேட்கவில்லை.

ஜனவரியில் போனாள். அங்கே சலமான்கா என்று ஒரு ஊர். இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வீட்டில் அறை. நமக்கு ஏழரை என்றால் அவளுக்கு மத்தியானம் மூன்று மணி. அந்த ஊரில் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருப்பார்களாம். வீட்டில் மாதா சிலை, சுரூபம் என்போம், அதற்கு முன்னால் போனைச் சாய்த்து வைப்பேன். அவள் முகம் வரும். ஜெபம் முடிந்து மூன்றரை, மூன்றே முக்காலுக்கு வைத்துவிட்டு நாலு மணி வகுப்புக்கு ஓடுவாள். ஓடுகிற அவசரத்தில் இன்றைக்கு இதைச் சாப்பிட்டேன், அதைச் சாப்பிட்டேன், பனியில் வழுக்கினேன் என்று ஏதாவது சொல்லுவாள். "யம்மா, இங்க பொம்பளைங்க கோயில்ல முக்காடே போடலம்மா" என்பாள். நீ போடு மக்கா என்பேன். "நான் போட்டேன், எல்லாரும் என்னையே பாக்காங்க" என்பாள். சிரிப்பாள். இரண்டரை மாதம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த இரண்டரை மாதத்தையும் சேர்ப்பேன்.

அப்புறம் ஈஸ்டர் வந்தது.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு போன் போட்டேன். உடனே எடுத்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. முதல் வார்த்தையே, "யம்மா, இன்னைல இருந்து இங்க மணி மாறிட்டு. இப்போ எனக்கு மூணு இல்ல, நாலு" என்றாள். நான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஜெபம் முடிந்ததும் மறுபடி சொன்னாள். இன்றைக்கு லீவு, பரவாயில்லை. வகுப்பு திறந்துவிட்டால் நாலு மணிக்கு உட்கார முடியாது, ஆறரைக்கு வைத்துக்கொள்வோமா என்று கேட்டாள்.

நீங்களே சொல்லுங்கள், மேடம். நேற்று வரைக்கும் நம்முடைய ஏழரை அவளுக்கு மூன்று. ராத்திரி தூங்கி எழுந்தால் நாலு. ஊர் நகர்ந்துவிட்டதா? மணி எப்படி மாறும் என்று கேட்டேன். வெயில்காலம் வருகிறது, எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள் என்றாள். யார் என்று கேட்டேன். "எல்லாரும்மா. நாடு முழுக்க" என்றாள். சூரியன் அவர்கள் சொன்னபடி கேட்குமா என்று கேட்டேன். அதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறரைக்கு எனக்கு எப்படி முடியும்? ஆறேகாலுக்குப் பூசை. கோயிலிலிருந்து வீடு வர ஏழு தாண்டும். பூசையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரவா? அதைவிட, நேரத்தை மாற்ற நான் யார். நேர்ச்சை வைத்தது அந்த நேரத்துக்கு. மாதாவிடம் போய், தாயே, ஸ்பெயினில் கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டார்களாம், நீயும் ஒரு மணி நேரம் முன்னால் வா என்று சொல்லவா? உங்களிடம்கூட அன்றைக்கே கேட்கலாம் என்று நினைத்தேன், அந்த நாலு மணி வகுப்பை ஐந்துக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுத முடியுமா என்று. ஒரு பிள்ளைக்காக மாற்ற மாட்டார்கள்தான். ஆனால் கேட்டால் என்ன. இப்போதுகூடக் கேட்கலாம். சரி, விடுங்கள்.

வகுப்பு திறந்தது. முதல் வாரம் வந்தாள். நான் கண்டிப்பாகச் சொன்னதால்தான் வந்தாள் என்று அப்போது பெருமைப்பட்டேன். வீட்டில் இல்லை, காலேஜ் மாடிப்படியில் நின்றுகொண்டு. மூச்சு வாங்கும். பின்பாதியை விழுங்கி விழுங்கிச் சொல்வாள். ஒரு நாள் நடுவில் ஒரு ஆம்பளைக் குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் சட்டென்று போனைக் கவிழ்த்தாள். திரும்ப எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. யார் என்று கேட்டேன். சார் என்றாள். சார் எதற்கு மாடிப்படிக்கு வருகிறார்? "கதவச் சாத்தப் போறாரும்மா. சாத்தினா அப்புறம் உள்ள விடமாட்டாரு" என்றாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். வாய் கேட்டது. மனசு கேட்கவில்லை.

நாலு நாள் அப்படி வெளியிலேயே நின்றிருக்கிறாள். நாலு நாளும் ஆப்சென்ட். இது எனக்கு இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவள் சொல்லவில்லை. சொன்னாளோ என்னமோ, நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கள்கிழமை வரவில்லை. அன்றைக்கு ஏதோ வாய்ப்பரீட்சையாம். நூற்றுக்கு நாற்பது மார்க்காம். அதை ராத்திரி அவளே கூப்பிட்டுச் சொன்னாள். அன்றைக்கு ஏழரைக்கு நான் என்ன பண்ணினேன் தெரியுமா? தனியாக உட்கார்ந்தேன். முன்பாதியைச் சொன்னேன். பின்பாதி வருகிற அளவு நேரம் சும்மா இருந்தேன். மறுபடி முன்பாதி. ஐம்பது தடவை. அடுத்த வீட்டு டெலிவிஷன் சத்தம்தான் பதில் சொன்னது.  நேர்ச்சை அறுந்துவிட்டது, மேடம். பன்னிரண்டு வருஷம் கொடுத்து வைத்திருந்த பிள்ளையை மாதா திருப்பிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? காய்ச்சல் என்று போன் வருமோ, ஆக்சிடென்ட் என்று போன் வருமோ என்று உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டு, சந்தோஷமாக, பரீட்சை நன்றாகப் பண்ணினேன் என்கிறாள்.

நான் கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கும் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். ஜெபமாலையைக் கையில் எடு என்றேன். எடுத்தாள். கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கிய வருஷம் அவள் அப்பா வாங்கிக்கொடுத்த வெள்ளை ஜெபமாலை. அதைத் தொட்டுச் சத்தியம் பண்ணு, அங்கே மணி மாறிவிட்டது என்று, என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். ஜன்னல் பக்கம் போனைத் திருப்பி, எதிரே இருந்த மணிக்கூண்டைக் காட்டினாள். மணிக்கூண்டைக் காட்டி என்ன செய்ய, எங்கள் ஊரிலும் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது, அது என்றைக்குச் சரியான மணி காட்டியது. அதெல்லாம் வேண்டாம், சத்தியம் பண்ணு என்றேன்.

"மாதா சாட்சியாச் சொல்லுதேன். இங்க மணி மாறிட்டும்மா" என்றாள்.

பண்ணிவிட்டாள், மேடம். கை நடுங்காமல் பண்ணினாள். அதுதான் என்னைக் கொன்றது. பொய் சொன்னாலும் தாங்கியிருப்பேன், ஜெபமாலையைத் தொட்டுப் பொய்ச்சத்தியம் பண்ணுகிற அளவுக்கு என் பிள்ளை போய்விட்டாள் என்று நினைத்தேன். அந்த ஆம்பளைக் குரல் ஞாபகம் வந்தது. நீ இனி என்னிடம் பேச வேண்டாம், முதலில் சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் நான் தினமும் ஏழரைக்கு போன் பண்ணினேன். பத்து நாள். எடுக்கவில்லை. வேறு நேரத்தில் பண்ணிப் பார்க்கவில்லையா என்று கேட்கிறீர்களா? எதற்கு? ஜெப நேரம் அதுதானே. அவள் வேறு வேறு நேரத்தில் கூப்பிட்டாள். காலையில் பதினொன்று, சில நாள் மத்தியானம். நான் எடுக்கவில்லை. ஏழரைக்கு வரட்டும் என்று இருந்தேன். அவளும் பிடிவாதம், நானும் பிடிவாதம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அவள் வகுப்பில் இருந்திருக்கிறாள். நான் வீட்டில் சும்மா இருந்திருக்கிறேன்.

பத்தாவது நாள் அந்தக் கடிதம் எழுதினேன். உங்கள் பைலில் இருக்கிறது. படித்திருப்பீர்கள். என் மகள் பொய் சொல்லவும் பொய்ச்சத்தியம் செய்யவும் பழகிவிட்டாள், கேட்க ஆளில்லாத இடத்தில் கெட்டுப்போகிறாள், படிப்பு வேண்டாம், அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி தாயாகிய நான் கேட்டுக்கொள்கிறேன். தாயாகிய நான் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அழுதேன். அழுகிறதால் சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

நீங்கள் போனில் கூப்பிட்டு, நன்றாக யோசித்தீர்களா, செமஸ்டர் போனால் டிகிரி போகும் என்று சொன்னீர்கள். யோசித்தேன் என்றேன். பிள்ளை இருந்தால் டிகிரி பிறகு வாங்கலாம் என்றேன்.  சரிம்மா, அங்கே எழுதுகிறோம், ஜெனோவாவிடமும் கேட்போம் என்றீர்கள். அப்போது ஒரு வார்த்தை, ஏனம்மா, என்ன பொய் சொன்னாள் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் அங்கேயே சொல்லியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, மேடம். சும்மா சொல்கிறேன். என் மகள் சொன்னபோதே கேட்காதவள், நீங்கள் சொல்லி மட்டும் என்ன.

முந்தாநாள் மகன் கூப்பிட்டான். கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வந்து, முப்பத்திரண்டு நாளைக்குப் பிறகு அவனுக்கு சிக்னல் கிடைத்திருக்கிறது. எடுத்ததும் தங்கச்சி எப்படி இருக்கா என்று கேட்டான். எல்லாவற்றையும் கொட்டினேன். மணி மாறிவிட்டது என்கிறாள், நம்பச் சொல்கிறாள் என்றேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். சத்தியம் வாங்கியதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கடிதத்தைச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை.

"யம்மா, அவ சொன்னது நெசம். அந்த நாடுங்கள்ல எல்லாம் வெயில்காலத்துக்கு மணியத் தள்ளி வைப்பாங்க. வருசா வருசம்" என்றான்.

அப்படியா என்றேன்.

"நானும்தான் கப்பல்ல மணி மாத்துனோம்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். என்ட்ட என்னைக்காவது சத்தியம் கேட்டியாம்மா?"

கேட்டதில்லை. மூன்று வருஷமாகச் சொல்கிறான். இன்றைக்கு ஒரு மணி நேரம் பின்னால் வைத்தோம், நேற்று முன்னால் வைத்தோம் என்பான். தெருவில் போய்ப் பெருமையாகச் சொல்வேன், என் மகன் போகிற தூரத்துக்கு மணியே மாறுகிறது என்று. ஒரு நாள்கூட சூரியன் கேட்குமா என்று கேட்டதில்லை. அவன் ஆம்பளைப் பிள்ளை, கடலில் போகிறவன். அது வேறு என்று வைத்துக்கொண்டேன். எப்படி வேறு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை மாதா சாட்சியாக உண்மை சொல்லியிருக்கிறாள். அதைப் பொய் என்று எழுதி, கவரில் ஒட்டி, ரிஜிஸ்தர் போட்டவள் நான்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏழரை மணி இல்லாத ஒரு நேரத்தில் நானாக அவளைக் கூப்பிட்டேன். மத்தியானம் பன்னிரண்டு. முதல் மணியிலேயே எடுத்தாள். பன்னிரண்டு வருஷம் தினமும் கேட்ட குரல், மேடம். அது அவள் குரல் மாதிரியே இல்லை.

நான் பேசுவதற்கு முன்னால் அவள் பேசிவிட்டாள். காலேஜிலிருந்து மெயில் வந்துவிட்டது, உன் கடிதத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள், படித்தேன் என்றாள். சம்மதம் என்று பதில் எழுதிவிட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை டிக்கெட். துணியெல்லாம் மடித்தாகிவிட்டது. கூட இருக்கிற பிள்ளைகள் இரண்டும் அழுகிறார்கள், நான் அழவில்லை என்றாள்.

வேண்டாம் மக்கா, வராதே என்றேன். நீ பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன் சொல்லிவிட்டான், மணி நிஜமாகவே மாறிவிட்டதாம் என்றேன். அதைச் சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சொன்னேன், மேடம். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.



"அண்ணன் சொன்னதும் நம்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. இன்னும் ஏதாவது திட்டினால் நன்றாக இருக்குமே என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "பரவால்லம்மா. நான் வந்துருதேன். இனிமே ஏழரைக்கு வீட்ல இருப்பேன். நீ பயப்படாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இதைத்தான் நான் கேட்டேன், மேடம். இதற்காகத்தான் ஜெபம் பண்ணினேன். பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும், ஏழரைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், பின்பாதி சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் வெள்ளிக்கிழமை வருகிறது. எனக்கு வேண்டாம். அந்தக் குரலோடு என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பின்பாதியைச் சொன்னால், நான் முன்பாதியை எப்படிச் சொல்வேன்?

நேற்று முழுக்க அவளைக் கூப்பிட்டேன். காலையில், மத்தியானம், நாலு மணிக்கு. எடுக்கவில்லை. ஏழரைக்குக் கூப்பிடவில்லை. ஏழரைக்கு அவளுக்கு வகுப்பு. வகுப்புக்குப் போனாளோ இல்லையோ. போயிருந்தால் கெடுக்கக் கூடாது என்று, சுரூபத்துக்கு முன்னால் போனை வைக்காமல் தனியாக உட்கார்ந்தேன். முன்பாதி, பின்பாதி இரண்டையும் நானே சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. சொல்ல முடிந்தது. 

என்ன சொன்னீர்கள்? கடிதத்தைத் திருப்பித் தர முடியாதா? பதிவு பண்ணியாகிவிட்டதா?

இல்லை மேடம், நான் அழவில்லை. நீங்கள் சொல்லுங்கள். சரி. அந்தக் கடிதம் அப்படியே இருக்கும். அதன் மேல் நான் இன்னொரு கடிதம் எழுதித் தர வேண்டும். பிரின்சிபால் வந்து கையெழுத்துப் போட்டதும் நீங்கள் அதை அங்கேயும் அனுப்புவீர்கள், ஜெனோவாவுக்கும் அனுப்புவீர்கள். அவள் பார்த்துவிட்டு இருக்கிறேன் என்று பன்னிரண்டரைக்குள் ஒரு வரி எழுதினால் பெயர் நிற்கும். எழுதவில்லை என்றால் நிற்காது. சரி. அப்படியானால் அவள் படிக்கப் போகிற கடிதம். இப்போது மணி என்ன? பத்தே முக்கால். அங்கே ஏழேகால். எழுந்திருப்பாள்.

தாள் கொடுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது. அனுப்புநர், அமலோற்பவம் பெலிக்ஸ். பெறுநர் நீங்கள் சொல்லுங்கள், எழுதுகிறேன். தாயாகிய நான் என்று இந்தத் தடவை போடவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

முந்திய கடிதத்தில் என் மகள் பொய்ச்சத்தியம் செய்ததாக எழுதியிருந்தேன். அது தவறு. அவள் செய்த சத்தியம் உண்மையானது. அவளைத் தொடர்ந்து படிக்க விட வேண்டும். இதுவரைக்கும் சரியா?

அவ்வளவு போதாதா? பொய் என்று எழுதிவிட்டு இப்போது உண்மை என்கிறீர்களே, எப்படித் தெரிந்தது என்று பிரின்சிபால் கேட்பாரா? காரணம் ஒரு வரி வேண்டுமா? மகன் கப்பலிலிருந்து சொன்னான் என்று எழுதிவிடுங்கள், அவர் ஒத்துக்கொள்வார் என்கிறீர்களா?

ஒத்துக்கொள்வார்தான். நானே ஒத்துக்கொண்டேனே.

வேண்டாம், மேடம். அதை எழுத மாட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நான் அவர் அறை வாசலிலேயே நிற்கிறேன், எத்தனை மணி வரைக்கும் வேண்டுமானாலும். நான் எழுதுகிற வரி இதுதான், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்து சரியாக இருக்கிறதா என்று.

என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஈஸ்டர் அன்றைக்கே சொன்னாள்.